ஓய்வு நாளில் வந்த மூன்றாவது அழைப்பு

அந்தச் சனிக்கிழமை காலையில் என் போன் மூன்று முறை அடித்தது. முதல் இரண்டு முறை நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஏன் எடுத்தேன்?

இந்தக் கேள்வியை முதலில் நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். பிறகு என் கணவர் கேட்டார். அடுத்த வாரம் நிறுவனத்தின் விசாரணை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. நான் சொல்லப்போகும் பதிலை வைத்துத்தான் பத்தொன்பது வருடம் வேலை செய்த ஒரு பெண்ணின் வேலை தங்கும் அல்லது போகும். அதனால் நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நான் விமானப் பணிப்பெண். இந்த வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலான் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில். சிரம்பானிலிருந்து அரைமணி நேரம். இப்போது சிரம்பானை ஒட்டிய ராசாவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் பகாவ் பக்கத்து ஆலையிலிருந்து துறைமுகத்துக்குச் செம்பனை எண்ணெய் ஏற்றிப் போகும் லோரி ஓட்டுகிறார். மகளுக்குப் பதினான்கு மாதம். நான் பறக்கும் நாட்களில் அவள் தோட்டத்தில் என் அம்மாவிடம் இருப்பாள். ஓய்வு நாட்களில் நானும் அங்கே போய்விடுவேன்.

வேலை போகக்கூடும் என்று சொன்னேனே, அவரை அக்கா என்றே எழுதுகிறேன். நான் கூப்பிடுவதும் அப்படித்தான். ராசாவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கேபினில் எனக்கு மிகவும் மூத்தவர். சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறார். எனக்குக் கார் ஓட்டத் தெரியும், ஆனால் சொந்தமாகக் கார் இல்லை. விடிவதற்கு முன்னால் பணிக்குப் போய்ச் சேர ராசாவிலிருந்து பஸ்ஸும் கிடையாது, ரயிலும் கிடையாது. எங்கள் இருவரின் பணி நேரம் ஒத்துப்போகும் நாட்களில் அக்காவின் காரில் போவேன். ஒத்துப்போகாத நாட்களில் சிரம்பானிலிருந்து போகும் வேறு யாரிடமாவது எனக்காக அவரே சொல்லிவைப்பார். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட வண்டியில்லாமல் நான் தெருவில் நின்றதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குத் திரும்பியபோது எடை ஒரு பிரச்சினையானது. உயரத்துக்கு இவ்வளவு எடை என்று நிறுவனத்தில் ஓர் அட்டவணை உண்டு. மருத்துவ அறையில் காலணியைக் கழற்றிவிட்டு ஏறி நிற்க வேண்டும். நான் நான்கு கிலோ கூடுதலாக இருந்தேன். அந்த நிலையில் ஒருவரைப் பறக்கவிடலாமா என்று மேலாளர் யோசித்தார். அக்கா என்னுடன் அவர் அறைக்குள் வந்தார். "சார், குழந்தை பெத்த பொண்ணு சார் இவ. சூட்கேஸ் இல்ல, நீங்க நிறுத்துப் பாத்து அனுப்புறதுக்கு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் மூன்று மாத அவகாசம் கொடுத்துக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த அவகாசம் முடிய இரண்டு வாரம் இருந்தபோதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்ததாக ஆகக்கூடாது.

தகராறு ஓய்வு நாட்களைப் பற்றியது. மாத ஆரம்பத்தில் வரும் பணி அட்டவணையில் எட்டு நாள் ஓய்வு என்று போட்டிருக்கும். மாதம் முடிந்து எண்ணிப் பார்த்தால் ஐந்து இருக்கும், சில சமயம் நான்கு. ஆள் குறைவு என்று முதல் நாள் மாலை குறுஞ்செய்தி வரும். அல்லது அன்று காலையே போன் வரும். சங்கம் கடிதம் எழுதியது. பதில் வரவில்லை. பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள், தள்ளிவைத்தார்கள், மறுபடியும் குறித்துத் தள்ளிவைத்தார்கள். தலைமை அலுவலகத்துக்கு வெளியே பணி இல்லாத நேரத்தில் அட்டை பிடித்துக்கொண்டு நின்றோம். நான் ஒரு முறை நின்றேன், இருபது நிமிடம், கடைசி வரிசையில். மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நின்றவர்களின் பெயர்கள் குறித்துக்கொள்ளப்பட்டிருப்பதாக அதில் இருந்தது. வேறு எந்த மிரட்டலும் அதில் இல்லை. குறித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

முறையான வேலைநிறுத்தத்துக்கு வாக்கெடுப்பு, முன்னறிவிப்பு என்று பல படிகள் இருக்கின்றன. அதற்கு முன்பாகச் சங்கம் ஒரு சின்னக் காரியத்தைச் சொன்னது. பள்ளி விடுமுறை தொடங்கும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓய்வில் இருப்பவர்கள் யாரும் போனை எடுக்கவேண்டாம். பணியில் இருப்பவர்கள் வழக்கம்போலப் பறக்கட்டும். ஓய்வு நாளில் போனை எடுக்காமல் இருப்பது தவறில்லை. அதற்கு வேலைநிறுத்தம் என்ற பெயரும் கிடையாது. ஆனால் அது வேலைநிறுத்தம்தான் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. விமானத்தில் இத்தனை கதவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. ஓர் ஆள் குறைந்தாலும் அது தரையை விட்டுக் கிளம்பக்கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை அக்காவின் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம்.

"நாளைக்கு உனக்கு ஆஃப்தானே?"

"ஆமாக்கா. ரெண்டு நாளும்."

"போன எங்க வைப்ப?"

"கைப்பையிலதான்."

"கைப்பையில வைக்காத. அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடு. உன்ன எனக்குத் தெரியும்லா. அடிச்சா ஓடிப்போய் எடுத்திருவ."

"எடுக்க மாட்டேன்கா."

"எடுத்தேன்னு வையி, திங்கக்கிழமை நீ பஸ்ஸப் பிடிச்சு ஏர்போர்ட் போய்க்கோ. என் காடியில ஏத்த மாட்டேன்."

"அந்நேரத்துக்கு ஏதுக்கா பஸ்ஸு?"

"அதான் சொல்றேன்."

நான் சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ராசாவில் என்னை இறக்கிவிடும்போது, குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த ஒரு பொட்டலம் பிஸ்கட்டைக் கொடுத்தார். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது என் வயிற்றில் ஒரு சின்ன இறுக்கம் இருந்தது. அது அக்கா சொன்னதாலா, மறுநாளை நினைத்தா, காலையிலிருந்து சரியாகச் சாப்பிடாததாலா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்று பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று இரவே கணவர் என்னைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு லோரிக்குப் போய்விட்டார்.

என் அப்பா தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேய்ப்பவர். தினமும் விடியும் நேரத்தில் அலுவலகத்துக்கு முன்னால் ஆட்களை வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவார். இதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். முன்பு வரிசையில் நின்றது எங்கள் ஆட்கள். இப்போது நிற்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். அப்பா அவர்கள் பெயர்களைத் தமிழ்ப் பெயர்களைப் போலவே நீட்டிக் கூப்பிடுவார். அவர்களும் பழகிவிட்டார்கள். கூப்பிடும் முறை மாறவில்லை. ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். மூன்றாவது தடவைக்கும் குரல் வராவிட்டால் புத்தகத்தில் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. அன்று அந்த ஆளுக்கு வேலை இல்லை. பிறகு ஓடிவந்து நின்றாலும் இல்லை.

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் பெரட்டுக் களத்துக்கும் நடுவில் ஒரு சாக்கடையும் ஒரு வேலியும்தான். சின்ன வயதில் நான் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். யாராவது ஒருவர் பெயர் இரண்டாவது தடவையும் பதில் இல்லாமல் போனால் எனக்கு மூச்சு முட்டும். போர்வைக்குள்ளிருந்து, அவர்களுக்குப் பதிலாக, "இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுவேன். அது யாருக்கும் கேட்காது. பள்ளியிலும் ஆசிரியர் என் பெயரை இரண்டு தடவை கூப்பிட வேண்டியதே வந்ததில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்பே மகள் எழுந்துவிட்டாள். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். போன் கைப்பையில்தான் இருந்தது. அரிசி டின்னில் இல்லை. அணைத்து வைத்திருக்கலாம். கணவர் சாலையில் இருக்கிறார், அவர் கூப்பிட்டால் எடுக்கவேண்டும் என்று அணைக்கவில்லை. அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

போன் அடித்தது. அலுவலகத்தின் எண். எடுக்கவில்லை.

"யாரு?" என்றார் அம்மா.

"ஆபீஸு. இன்னைக்கு எடுக்கக் கூடாதும்மா. சங்கத்துல சொல்லியிருக்காங்க."

"எடுக்கக் கூடாதுன்னா அத ஏன் ஐயோ பாவம்னு பாத்துக்கிட்டு நிக்கிற? உள்ள போடு."

உள்ளே போட்டேன். இரண்டாவது முறை அடித்தது. கைப்பைக்குள்ளிருந்து கேட்டது. வெளியே அப்பா பெயர் கூப்பிட ஆரம்பித்திருந்தார். ஓர் ஆள் வரவில்லை போலிருக்கிறது. ஒரே பெயரை இரண்டாவது தடவை கூப்பிட்டார். போன் நின்றது. மகள் பால் குவளையைத் தட்டிவிட்டாள். குனிந்து துடைத்தேன். அப்பா மூன்றாவது தடவை கூப்பிட்டார். போன் மூன்றாவது முறை அடித்தது.

எடுத்துவிட்டேன்.

பணி ஒதுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண். என் முழுப் பெயரையும், இன்னாரின் மகள் என்று அப்பா பெயரையும் சேர்த்து, ஊழியர் எண்ணோடு வாசித்தார். நான் ஆங்கிலத்தில் "இருக்கிறேன்" என்றேன். ஹலோ சொல்லவில்லை. சென்னை விமானத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது, உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, சம்மதமா என்று கேட்டார். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார். முடியாது என்று சொல்ல இடம் இருந்தது. நான் சம்மதம் என்றேன்.

அம்மா தோசைக் கரண்டியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எடுக்கக் கூடாதுன்னியே?"

"கூப்பிட்டாங்கம்மா."

"கூப்பிட்டாங்களாம். உங்கப்பன் பெரட்டுல நிக்கிறவன்கூட வயித்து வலின்னு சொல்லிட்டு லயத்து வீட்டுல படுத்துக்கிறான். நீ என்னான்னா இடுப்புல புள்ளையோட வந்து நிக்கிற."

நிறுவனம் வேன் அனுப்பியது. அது தோட்டத்துக்குள் வந்து, கலைந்து போய்க்கொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. சீருடை ராசா வீட்டில் இருந்ததால் முதலில் அங்கே போகவேண்டியிருந்தது. அக்காவின் தெருமுனையைத் தாண்டும்போது நான் குனிந்து காலணி வாரைச் சரிசெய்தேன். அப்போது நான் அணிந்திருந்தது வீட்டுச் செருப்பு. அதில் வார் கிடையாது.

சென்னை விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. இடம் காலியில்லை. பகாவிலிருந்து வந்த ஒரு பெரியவர், அண்ணன் இறந்துபோன செய்தி கேட்டுப் போகிறவர், என்னிடம் தண்ணீர் வாங்கும்போது, "இன்னிக்கு ஃபிளைட்டு ஓடாதுன்னு சொன்னாங்கம்மா. நல்ல வேளை, உங்கள மாதிரி ஆளுங்க இருக்கீங்க" என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னதை விசாரணையில் சொல்ல முடியாது. கேள்விகளில் அது வராது.

அன்று மாலையே திரும்பி வந்துவிட்டோம். ஓய்வு நாளில் பறந்தவர்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதைக் காட்டினால்தான் மாற்று ஓய்வு நாள் கிடைக்கும். வழக்கமான படிவம்தான். நான் முன்பும் பல தடவை நிரப்பியிருக்கிறேன். அன்று மூன்று அழைப்புகள் பதிவாகியிருந்ததால் ஒரு கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது: முதல் அழைப்பை ஏற்காததற்குக் காரணம். கீழே எழுதுவதற்கு மூன்று கோடுகள் போட்டிருந்தன.

குளித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதுவார்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் முதல் கோட்டில், ஓய்வு நாளில் போனை எடுக்கவேண்டாம் என்று மூத்த ஊழியர் ஒருவர் சொன்னார் என்று எழுதினேன். இன்னும் இரண்டு கோடுகள் காலியாக இருந்தன. இரண்டாவதில் அக்காவின் பெயரை எழுதினேன். மூன்றாவதில், எடுத்தால் தன் காரில் ஏற்றமாட்டேன் என்றும் சொன்னார் என்று எழுதினேன். பிறகு வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. அதை நூறு தடவை யோசித்துவிட்டேன். கோடு இருந்ததால் நிரப்பினேன். பள்ளியில் இடத்தைக் காலியாக விட்டால் மதிப்பெண் போகும். நான் படித்த தோட்டத்துப் பள்ளியில், தெரியாவிட்டாலும் ஏதாவது எழுது என்பார்கள். இங்கே எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் தெரிந்ததை எழுதினேன்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் அக்காவின் கார் வழக்கமான இடத்தில் நின்றது. வராது என்று நினைத்து நான் கணவரின் மோட்டார் சைக்கிளில் போக ஏற்பாடு செய்திருந்தேன். அவர் தலைக்கவசத்தோடு பின்னால் நின்றார்.

"ஏறு" என்றார் அக்கா.

"இல்லக்கா, நான் வந்து..."

"பஸ்ல போன்னு சொன்னா போயிருவியா நீ? ஏறுலா, டைமாச்சு."

டோலில் அட்டையைத் தொட்டுவிட்டுக் கார் கண்ணாடியை ஏற்றினார். பிறகு கேட்டார்.

"சென்னை எப்படி?"

"ஃபுல்லுக்கா."

"ஃபுல்லாத்தான் இருக்கும். மத்த ரெண்டு ஃபிளைட்டு டிலே. உன்னோடது மட்டும் டைம்ல போச்சு. மெடல் குடுப்பாங்க பாரு."

"ஸாரிக்கா."

"என்கிட்ட ஏன் ஸாரி சொல்ற? போன்கிட்டப் போய்ச் சொல்லு. ரெண்டு தடவ காக்க வச்சிட்டேல்ல."

அந்த இடத்தில் படிவத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அது சாதாரணப் படிவம், யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அன்றே சொல்லியிருந்தால் அக்கா அலுவலகத்துக்குப் போய்ப் பேசியிருப்பார். நானும் அதைத் திருப்பி வாங்கி, குளித்துக்கொண்டிருந்தேன் என்று மாற்றியிருப்பேன். மாற்றியிருப்பேனா? அதுவும் நிச்சயமில்லை.

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எடை அவகாசம் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் அக்காவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்தார். சக ஊழியர்களை மிரட்டிப் பணிக்கு வரவிடாமல் தடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆதாரமாக ஒரே ஒரு தாளின் நகலை இணைத்திருந்தார்கள்.

அக்கா போன் செய்தார். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தேன்.

"எழுத்து அழகா இருக்குலா" என்றார். "ஸ்கூல் புள்ள மாதிரி. என் பேர நானே இவ்ளோ அழகா எழுதினதில்ல."

தாளை மடிக்கும் சத்தம் போனில் கேட்டது.

"மூணாவது கோட்டுல நான் பிஸ்கட் குடுத்ததையும் எழுதியிருக்கலாம்."

"அக்கா, நான் வேணும்னு..."

"தெரியும். வேணும்னு செஞ்சிருந்தா எனக்கு ஈஸியா இருக்கும். ரெண்டு வார்த்த திட்டிட்டுப் படுத்திருப்பேன்." அடுத்ததையும் அவரே சொன்னார். "உன்ன சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. போ. போகாம இருந்து உன் வேலையையும் கெடுத்துக்காத. நான் இதச் சொல்லுன்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் எங்கயாவது எழுதி வச்சிருவ."

அவர் சிரித்தபடிதான் போனை வைத்தார். அன்றிலிருந்து நாங்கள் பேசவில்லை. என் பணிக்கு இப்போது கணவர் மோட்டாரில் கொண்டுபோய் விடுகிறார். அவர் சாலையில் இருந்தால் வாடகைக் காருக்கு முதல் நாளே சொல்லிவைக்கிறேன்.

எனக்கும் கடிதம் வந்தது: நிறுவனத் தரப்பு சாட்சி. மனிதவளப் பிரிவில் ஒரு மேடம் என்னை அழைத்துத் தேநீர் கொடுத்து என்ன கேட்பார்கள் என்று சொன்னார். இது உங்கள் கையெழுத்தா, இதில் உள்ளவை உண்மையா, அவர் அப்படிச் சொன்னபோது உங்களுக்குப் பயமாக இருந்ததா. உள்ளதைச் சொன்னால் போதும் என்றார். குழந்தையைப் பற்றி விசாரித்தார். எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மறுநாள் அக்காவுக்காக விசாரணையில் பேசப்போகும் சங்கத்துக்காரர் கூப்பிட்டார். அவரும் மரியாதையானவர். "நீங்க மூணாவது போன எடுத்தீங்க, வேலைக்கும் போனீங்க. அப்ப உங்கள யாரும் தடுக்கலைன்னுதானே அர்த்தம்? அதச் சொல்லுங்க போதும். அடுத்து, ஏன் எடுத்தீங்கன்னு கேப்பேன். வெயிட்டுக்கு டைம் முடியப் போகுது, மேனேஜ்மென்ட்ட நெனச்சு பயந்துட்டேன்னு சொன்னீங்கன்னா, கேஸே திரும்பிரும்" என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் வேண்டியது என் பயம்தான். அது எந்தப் பக்கத்துப் பயம் என்று நான் சொல்லவேண்டும். அக்காவுக்குப் பயந்து முதல் இரண்டு அழைப்பை எடுக்கவில்லை என்றால் அக்காவின் வேலை போகும். நிறுவனத்துக்குப் பயந்து மூன்றாவதை எடுத்தேன் என்றால் அக்கா பிழைப்பார். நான் அந்த எடை அட்டவணையோடு தனியாக நிற்பேன். இரண்டுமே இல்லை, யாராவது மூன்றாவது தடவை கூப்பிட்டால் எனக்குத் தாங்காது என்று சொன்னால் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கணவரிடம் சொன்னேன். "பழக்கம்னு சொல்லேன். ஹாரன் அடிச்சா நான் லீவு நாள்லகூடத் திரும்பிப் பாக்கிறேன். அது மாதிரிதான்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நான் திரும்பித்தான் பாப்பேன். வண்டியில ஏற மாட்டேன்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். அப்பா வாசலில் உட்கார்ந்து காலணியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கவேண்டும் என்று போகவில்லை. பேச்சு அப்படி வந்தது.

"அப்பா, புத்தகத்துல கோடு போட்டப்புறம் என்னைக்காவது மாத்தியிருக்கீங்களா?"

"கோடு போட்டா போட்டதுதான். மாத்துனா கிராணி கேப்பாரு."

அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியைத்தான் சொன்னார். உள்ளேயிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது.

"கேளு, நல்லாக் கேளு. மாத்த மாட்டாரு. மொதல்லயே பொய்யா எழுதிருவாரு."

அப்பா சுரண்டுவதை நிறுத்தவில்லை. "உங்கம்மா மாசமா இருந்தப்ப நாலு நாள் வரல. வந்ததா எழுதினேன்."

"நாலு நாளா? எனக்கு மட்டுமா? கேளு, இன்னும் யாராருக்குன்னு கேளு."

"வராதவன் எல்லாருக்குமா எழுதினேன்? கேட்டுப் பாத்து, வர முடியாதவனுக்கு எழுதினேன். மூணு தடவ ஏன் கூப்பிடுறேன்? வேற எவனாவது அவனுக்குப் பதிலா இருக்கேன்னு சொல்லட்டும்னுதான். எவனாவது சொன்னா எழுதிருவேன். தலைய எண்ணிப் பாக்கிறது என் வேலையில்ல."

இத்தனை வருடமும் போர்வைக்குள் மெதுவாகச் சொன்ன அந்தப் பதிலை நான் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். இது எனக்கு ஆறுதலாக இல்லை. மூன்றாவது கூப்பிடுதல் கடைசி எச்சரிக்கை என்று நினைத்து வளர்ந்தவள் நான். அதை நம்பித்தான், தெரிந்தோ தெரியாமலோ, அன்று கையை நீட்டினேன். களத்தில் நின்றவர்கள் அதைக் கடைசி வாய்ப்பு என்று நினைத்திருந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த எனக்கு அது தெரியவில்லை.

"அப்ப நான் விசாரணையில என்னாப்பா சொல்லட்டும்?"

"என்னைக் கேக்காத. அங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு அப்பா காலணியை வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முதல் இரண்டு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். அது என் கையெழுத்துதான். எழுதியதெல்லாம் அக்கா சொன்னதுதான். திங்கட்கிழமை அவர் கார் வந்து நின்றதையும், ஏறு என்று சொன்னதையும் யாரும் கேட்காவிட்டாலும் நானாகச் சொல்லுவது என்று முடிவு செய்திருக்கிறேன். படிவத்தில் அதற்குக் கோடு இருக்கவில்லை. பயமாக இருந்ததா, ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்விகள்தான் மிச்சம். அந்த நேரத்தில் எனக்குள் என்ன இருந்தது என்று தெரியாதபோது, அக்காவைக் காப்பாற்றும் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்து அதை உண்மை என்று சொல்லலாமா? தெரியவில்லை என்று மட்டும் சொன்னால், அது உண்மையாக இருந்தாலும், நான் ஒளிந்துகொண்டது ஆகாதா?

இதைப் படிப்பவர்களில் இப்படி ஓர் அறையில் சாட்சியாக உட்கார்ந்தவர்கள் இருக்கலாம். யாரோ எழுதிய மூன்று வரியால் வேலையை இழந்தவர்களும் இருக்கலாம். முக்கியமாக அவர்களைத்தான் கேட்கிறேன். உங்கள் பெயரை எழுதியவள் அன்று எழுந்து நின்று என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தெரிந்தால் எழுதுங்கள். ஒன்பது நாளுக்குள் வந்தால் எனக்கு உதவும். பிறகு வந்தாலும் வாசிப்பேன்.